கராஜுக்குள் இங்கிலாந்து

என் மகன் அனோஜுக்கு நாற்பத்தொரு வயது. அவனுடைய இருதயத்தில் கோளாறு இருக்கிறது என்று போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் எனக்குச் சொன்னார்கள். கையில் இருந்த தேத்தண்ணி சரிந்து இடுப்பில் கட்டியிருந்த சாரம் முழுக்க ஊற்றியது. சுட்டதுகூட எனக்குத் தெரியவில்லை.

சொன்னவர் பிரசன்னா. சென்னைக்காரர், அனோஜின் சைக்கிள் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி. அதிலிருந்து இரண்டு வாரம் கழித்து வரும் வியாழன் இவர்கள் ஆறு பேர் இங்கிலாந்துக்குப் போய், அங்கே கிராமத்து ரோட்டில் எட்டு நாள் சைக்கிள் ஓடுவதாக ஏற்பாடு. சைக்கிள் ஓடுவதற்காக விமானம் ஏறும் மனிதர்களை நான் எழுபத்துநாலு வயதில்தான் பார்க்கிறேன். அதற்குப் பழகுவதற்கென்று, நாங்கள் குடிவந்த ஊரான கிரெய்கிபர்னில் எங்கள் வீட்டுக் கராஜுக்குள் ஒரு சைக்கிள், பின் சில்லைக் கழற்றி ஒரு மெஷினில் பூட்டியபடி நிற்கிறது. முன்னால் பெரிய திரை. பெடலை மிதித்தால் திரையில் இங்கிலாந்து ரோட்டு நகரும். ஏற்றம் வந்தால் பெடல் இறுகும், இறக்கம் வந்தால் இளகும். அனோஜ் விடிய ஐந்து மணிக்கு ஏறுவான். பாதி வழியில் நிறுத்திப்போட்டு வேலைக்குப் போவான். பின்னேரம் வந்து மிச்சத்தை ஓடி முடிப்பான்.

பிரசன்னா மேசையில் ஒரு தாளை விரித்தார். சிவப்புக் கோடு ஒன்று மேலும் கீழுமாக ஓடியது.

"அங்கிள், இது போன புதன்கிழமை அனோஜ் ஓட்டினது. மத்த நாள்லயும் நடுவுல இப்படி ஒரு இடம் இருக்கு, இதுதான் மோசம். இது அவன் ஹார்ட் துடிப்பு. இங்க வரைக்கும் நூத்தி முப்பது, அழகா போகுது. இந்தக் கல் பாலம் தாண்டி ஒரு சர்ச் ஏத்தம் வருது பாருங்க. ஏத்தம்னு சொல்லவே கூடாது, கொழந்தை ஏறும். அங்க நூத்தித் தொண்ணூறு! உடனே எழுபது. மறுபடி நூத்தி எண்பது. சர்ச்சைத் தாண்டினா பழையபடி அழகா போகுது. வேகம் வேற, அந்த இடத்துல மாட்டுவண்டிகூட இவனை முந்திடும்."

"எனக்கு ஒண்டும் தெரியேல்லையே அண்ணா," என்றான் அனோஜ். "களைப்புக்கூட வரேல்லை."

"அதாண்டா பயமே. தெரியாம வர்றதுதான் மோசம்."

அஞ்சலி, என் மருமகள், குசினி வாசலில் நின்று அழுதாள். "மாமி போன மாதிரித்தான்," என்றாள். என் மனைவி அன்னமலர் ஐம்பத்துமூன்று வயதில் இருதயம் நின்று, ஒரு முனகல்கூட இல்லாமல் போனவள்.

"அம்மாவின்ர நெஞ்சு எனக்கு வந்திட்டுது," என்றான் அனோஜ். முகம் சாம்பலாக இருந்தது. "நாளைக்குப் பத்தரைக்கு ஸ்பெஷலிஸ்ட். இங்கிலாந்து இனி இல்லை."

நான் தாளைப் பார்த்தேன். எழுத்து எனக்குப் பெரிதாக ஓடாது. ஆனால் பிரசன்னாவின் விரல் நின்ற இடம் எனக்குத் தெரியும். கல் பாலம். பாலத்தின் கீழே வாத்துகள். பிறகு இரண்டு பக்கமும் கல்மதில், மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கும் வெள்ளைக் குதிரை, அதற்கப்பால் சர்ச். அந்தப் புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்கியது அனோஜ் இல்லை. நான்.



நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இந்த மெஷினை நான் நம்பவில்லை. அப்படி ஒரு பச்சை ஊர், ஒரு குப்பை இல்லாமல், ஒரு மனிதன் துப்பாமல் எங்கேயாவது இருக்குமா? படம் கீறிக் காட்டி என் மகனை ஏமாற்றுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அதைப் பிடிப்பதற்காக, வீட்டில் எல்லோரும் போன பிறகு ஏறினேன். மிதித்தேன். திரை தானாக முழித்தது. அனோஜ் விட்ட இடத்திலிருந்து ரோட்டு நகர்ந்தது. குதிரையைப் படம் கீறுபவன் அதன் காதில் மொய்க்கும் இலையானை ஏன் கீறுகிறான்? உண்மையான ஊர்தான். பிறகு தினமும் இருபது நிமிஷம் போய் வந்தேன். ஒரு பொத்தானையும் தொட்டதில்லை. தொடாதவனை எது காட்டிக்கொடுக்கப் போகிறது?

ஒன்றை மட்டும் செய்தேன். ஹாண்டிலில் அனோஜின் பட்டி தொங்கும். அவன் அதை நெஞ்சில் கட்டிக்கொண்டுதான் ஏறுவான். இந்த நாட்டில் காரில் பட்டி, பஸ்ஸில் பட்டி, பேரப்பிள்ளைகளின் தள்ளுவண்டியிலும் பட்டி. கட்டாமல் ஏறினால் சட்டப்படி குற்றம் என்று நினைத்து, வியர்வை ஈரத்தோடு எடுத்து நானும் கட்டினேன். அது இருதயத்தை எண்ணி எழுதிக்கொண்டிருக்கும் என்று யார் கண்டது?

மேசையில் வைத்தே இதைச் சொல்லியிருக்கலாம். நத்தாருக்குச் சர்ச்சில் கிறிஸ்மஸ் பூசையில் நான் மயங்கி விழுந்தபோது, நெஞ்சைச் சோதிக்கும் ரெஸ்ற் எடுக்கும்வரை பாரமான வேலை செய்யக் கூடாது என்று டொக்டர் சொன்னார். நான் ரெஸ்றுக்குப் போகவில்லை. தேடினால் ஏதாவது நோயைக் கண்டுபிடிப்பார்கள். ஆஸ்பத்திரிக்குள் நடந்து போனவர்களைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனதை நான் கண்டிருக்கிறேன். வாய் திறந்தால் என்னைக் கொண்டுபோய்ப் படுக்க வைப்பார்கள். அதனால் ஈரச் சாரத்தோடு எழும்பி அறைக்குள் போய்விட்டேன். பெற்ற பிள்ளையைச் சாவுப் பயத்தில் விட்டுவிட்டுப் போனேன்.

அடுத்த நாள் காலை அனோஜ் மேசை லாச்சியைத் திறந்து வைத்து அஞ்சலிக்குக் காட்டிக்கொண்டிருந்தான். "வீட்டுக் கடுதாசி இதுக்குள்ளை. பிள்ளையளின்ர பாஸ்போர்ட் இதுக்குள்ளை. நான் இல்லாட்டி…" அஞ்சலி அவனுடைய வாயைப் பொத்தினாள்.

"நானும் வாறன்," என்றேன்.

"நீங்கள் ஏன் அப்பா? இருங்கோ."

"வாறன் எண்டா வாறன்."

மூன்று பேரும் ஸ்பெஷலிஸ்டிடம் போனோம். டொக்டர் யாமினி சின்னப் பெண், எங்கள் அஞ்சலியைவிட இளையவள். அனோஜைப் படுக்க வைத்து வயர் ஒட்டிப் பார்த்தாள். "இப்போ எல்லாம் நல்லா இருக்கு," என்றாள். உடனே அந்தச் சிவப்புக் கோட்டுத் தாளை எடுத்து நெற்றியைச் சுருக்கினாள். "ஆனா இதைப் பார்த்துட்டு உங்களை அனுப்ப முடியாது. இன்னும் நிறைய டெஸ்ட் இருக்கு. ஒரு மாசத்துக்குப் பிளேனும் வேண்டாம், சைக்கிளும் வேண்டாம்."

அனோஜ் தலையைக் குனிந்துகொண்டு சேர்ட் பொத்தானைப் பூட்டினான்.

"டொக்டர், அது என்ர நெஞ்சு," என்றேன்.

"அப்பா, சும்மா இருங்கோ."

"சும்மா இருந்ததுதான் பிழை. அந்தப் பாலத்திலை இருந்து சர்ச்மட்டும் ஓடினது நான். பட்டியும் கட்டினனான்."

 அனோஜ் என்னைப் பார்த்த பார்வையை இனி எந்த நாளும் பார்க்கக் கூடாது.

"எப்ப ஏறினீங்கள்?"

"நீ வேலைக்குப் போன பிறகு. தினமும்."

"தினமுமோ! நேற்று நீங்களும் மேசையிலைதானே இருந்தனீங்கள்? நான் சாகப் போறன் எண்டு இவள் விடியமட்டும் அழுதவள். ஒரு சொல்லு சொன்னீங்களா?"

"இல்லை."

"ஏன் மாமா?" என்றாள் அஞ்சலி.

"பயம்," என்றேன்.

டொக்டர் கட்டிலில் கையால் தட்டினாள். "சண்டையை அப்புறம் போடுங்க. அனோஜ், அந்தக் கோடு உங்களோடது இல்லேன்னா உங்களுக்கு ஒண்ணும் இல்லை, நீங்க போகலாம். அங்கிள், சட்டையைக் கழட்டுங்க."

வயர் ஒட்டினாள். பெட்டியிலிருந்து தாள் வந்துகொண்டே இருந்தது. அவள் அதை இரண்டு தரம் பார்த்தாள். "நீங்க இப்போ படுத்துத்தானே இருக்கீங்க? இப்பவும் தாறுமாறா ஓடுது. நடுவுல சில நேரம் நின்னு நின்னு போகுது. இதோட தினமும் ஏத்தம் ஏறியிருக்கீங்க. இன்னைக்கே ஆஸ்பத்திரியில சேரணும். நெஞ்சுல பேஸ்மேக்கர் மெஷின் வைக்க வேண்டியிருக்கும், அனேகமா திங்கக்கிழமை."

எனக்கு இடி விழவில்லை. இதைத்தான் எதிர்பார்த்தேன். இடி விழுந்தது அனோஜ் வாய் திறந்த பிறகு.

"பிரசன்னா அண்ணாவுக்குச் சொல்லிப்போடுறன். நான் போகேல்லை."

"எங்கை போகேல்லை?"

"இங்கிலாந்துக்கு. உங்களை இப்பிடி விட்டிட்டு எப்பிடிப் போறது?"

"டேய், நீ போறதுக்குத்தானே நான் வாய் திறந்தனான்! இல்லாட்டி எனக்கு இந்தக் கட்டில் தேவையா?"

"அப்பா, கத்தாதேங்கோ."

"திங்கள் எனக்குச் செய்யினம். நீ போறது அதுக்கு அடுத்த கிழமை வியாழன். நடுவிலை பத்து நாள் கிடக்கு. போறன் எண்டு சொல்லு. இல்லாட்டி நான் இப்பவே வீட்டை போறன்."

கால் இரண்டையும் கீழே போட்டேன். நெஞ்சில் இரண்டு வயர் கழன்று பெட்டி கீச்சிட்டது.

"அங்கிள், வயர்! வயர்!" என்று டொக்டர் ஓடி வந்தாள்.

"போறன்! போறன் அப்பா, படுங்கோ!" அனோஜ் என் தோளைப் பிடித்து அழுத்தினான். அவனுக்குக் கண்ணீர் வந்தது. சிரிப்பா, கோபமா, அவனுக்கே தெரிந்திருக்காது.

"டொக்டருக்கு முன்னாலை சொல்லு."

"போறன் எண்டு சொல்லிட்டனே!"

நான் படுக்கவில்லை. முதலில் அஞ்சலியைக் கூப்பிட்டு, அவனுடைய போனை வாங்கி அவளுடைய பைக்குள் வைக்கச் சொன்னேன். நான் கண்ணை மூடின உடனே டிக்கெட்டை ரத்துச் செய்யக்கூடியவன் அவன். அவள் வாங்கி வைத்ததைக் கண்ணால் கண்ட பிறகுதான் படுத்தேன்.