வளையல் சத்தம்

துறைமுகத்துக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் மாஸ்டர் வைக்கும் மீன் குழம்புக்கு உரிமை கொண்டாட ஆள் பஞ்சமே இல்லை. கப்பலில் வந்து அந்த ஊரிலேயே தங்கிவிட்ட கூட்டங்கள் அத்தனையும், அது எங்கள் வீட்டுக் குழம்புதான் என்று அடித்துச் சொல்லும். வினிகர் ஒரு கூட்டத்தார் கொண்டுவந்தது, புகையில் வாட்டிய மீன் இன்னொரு கூட்டத்தாருடையது, மிளகாய் விழுது பக்கத்துத் தெருக்காரர்கள் அரைத்துத் தருவது. மாஸ்டர் யாரையும் மறுத்துப் பேசியதில்லை. வாடிக்கையாளரை எதற்குப் பகைத்துக்கொள்வது?

ஊரின் பலவகைச் சமையலையும் படம் பிடித்து வைக்கப் புறப்பட்ட அருங்காட்சியகம் அவர் கடைக்கு வந்ததும் அதனால்தான். இனி பிறக்கப்போகிறவர்களும் படத்தைப் பார்த்து அப்படியே சமைக்க வேண்டும் என்றார் அதன் பொறுப்பாளர் அம்மா. மாஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனாலும் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை.

காரணம் அவருக்கும் மனைவிக்கும் மட்டுமே தெரியும். ஒரு விஷக்காய்ச்சலுக்குப் பிறகு மாஸ்டருக்கு வாசனையும் போயிற்று, ருசியும் போயிற்று. சர்க்கரையும் உப்பும் அவருக்கு ஒன்றுதான். கைப்பழக்கத்தில் சமைத்துவிடலாம், ஆனால் புகை மீனின் உப்பு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், ருசி பார்க்காமல் ஆகாது. ஆகவே அவர் ஊருக்காகக் கரண்டியை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பக்கத்தில் காய் நறுக்கும் மனைவி உள்ளங்கையில் ஒரு சொட்டு வாங்கிப் பார்ப்பாள். வளையல் ஒருமுறை குலுங்கினால் உப்புப் போதாது. இரண்டு முறை என்றால் புளிப்புப் போதாது. குலுங்காவிட்டால் எல்லாம் சரி.

படம் எடுக்கும் நாளில் ஒலிப்பதிவுக்காரர் காதில் மாட்டியிருந்த கருவியைக் கழற்றிவிட்டு, வளையல் சத்தம் இடைஞ்சலாக இருக்கிறது, வீட்டம்மா கொஞ்சம் வெளியே இருக்கட்டும் என்றார். வேண்டுமானால் வளையலைக் கழற்றிவிட்டு இங்கேயே நிற்கலாம் என்றும் சொன்னார். வளையல் இல்லாமல் அவள் நின்றென்ன, நிற்காவிட்டால் என்ன? வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மாஸ்டர் சமைத்தார். கரண்டியை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். சத்தமே இல்லை.

"சரியா வந்திருக்கு," என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார். சொல் தொண்டையைத் தாண்டிய பிறகுதான் அவள் வாசலில் இருப்பது உறைத்தது.

விளக்குகளை அணைத்தார்கள். பொறுப்பாளர் அம்மா ஒரு வாய் சாப்பிட்டுப் பிரமாதம் என்றார். முதன்முறை சாப்பிடுகிறவர், அவருக்கு வேறென்ன தெரியும்? இனி எந்தக் காலத்துக்கும் இதுதான் இந்தக் குழம்பு என்றும் சொன்னார். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் மாஸ்டருக்கு நெஞ்சு கேட்கவில்லை. இத்தனை நாள் கடையில் பொய் சொன்னது அவர் மட்டும்தான். குழம்பு ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

"இருங்க," என்றார். "எனக்கு நாக்கு செத்துப் போச்சுங்க. அவளக் கூப்பிடுங்க, அவ சொன்னாத்தான் சரி."

அவள் உள்ளே வந்தாள், உள்ளங்கையில் ஒரு சொட்டு வாங்கினாள். வளையல் ஒருமுறை குலுங்கியது. பிறகுதான் இனி வாயாலேயே சொல்லலாம் என்பது நினைவுக்கு வந்தது போல, "உப்பு இன்னும் கொஞ்சம் வேணும்," என்றாள்.

எத்தனை நாளாக இப்படி என்று பொறுப்பாளர் மெதுவாகக் கேட்டார். மூன்று வருஷமாக என்று மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"நாலு வருஷங்க," என்றாள் அவள். "மொத வருஷம் எங்கிட்டயே சொல்லல, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தாரு. அவரு அந்தப் பக்கம் திரும்புறப்ப நானே உப்பு போட்டுருவேன்."

அந்த முதல் வருஷம், நாக்கு போனால் என்ன, கை ஏமாற்றவில்லையே என்று மாஸ்டர் தனக்குள் மார்தட்டிக்கொண்டிருந்தார். இப்போது அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. உப்பு ஜாடியை எடுத்து அவள் பக்கமாக நகர்த்தி வைத்தார். ஒலிப்பதிவுக்காரர் மறுபடி எடுப்பதற்காகக் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு, வளையல் இருக்கட்டும் என்றார்.