குண்டசாலையில் ஒரு நேர்முகத் தேர்வு

கண்டி நகரில் ஒரு தனியார் கல்வி நிறுவனத்தின் நூலகத்தில் பாலாம்பிகை பதினொரு வருடம் வேலை செய்தாள். சித்திரை விடுமுறை முடிந்து போனபோது, நூலகத்தைக் கணினி அறையாக மாற்றப்போகிறோம் என்று கடிதம் கொடுத்தார்கள். கூட வேலை செய்த றிப்தாவுக்கும் அதே கடிதம்தான்; பெயர் மட்டும் வேறு.

றிப்தா கெலிஓயாக்காரி. கணவன், இரண்டு பிள்ளைகள், பக்கத்து வீட்டிலேயே உம்மா என்று அவளைச் சுற்றி எப்போதும் ஆட்கள் இருந்தார்கள். பாலாம்பிகைக்கு அப்படி யாருமில்லை. ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் இருந்த அம்மா இறந்த பிறகு, டவுனில் வாடகைக்கு எடுத்த ஓர் அறைதான் வீடு. மனம்விட்டுப் பேச றிப்தா ஒருத்திதான். வேலை போனதும் அந்தப் பேச்சும் போயிற்று. கடையில் பாண் கேட்டதைத் தவிர வேறு வார்த்தை பேசாமலே சில நாட்கள் கழிந்தன.

வெள்ளிக்கிழமைதோறும் அரசாங்க வேலை அறிவித்தல்கள் வரும் வர்த்தமானியைப் புரட்டினாள். அவள் கண்ணில் பட்ட வெற்றிடங்களுக்கெல்லாம் முப்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். அவளுக்கு முப்பத்தெட்டு. தனியார் பாடசாலைகளோ பட்டம் கேட்டன. அவளிடம் இருந்தது டிப்ளோமா. ஆவணியில்தான் குண்டசாலையில் ஒரு பாடசாலை நூலகர் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைத்தது. அதை அவள் றிப்தாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவளும் விண்ணப்பம் போட்டுவிடுவாளே என்ற பயம்.

போய்ப் பார்த்தால், விறாந்தைக் கதிரையில் றிப்தா உட்கார்ந்திருந்தாள்.

"பாலாக்கா! நீங்களுமா?"

"நீ சொல்லவே இல்லையே."

"நீங்க செல்லினீங்களா?" என்று றிப்தா சிரித்தாள். பிறகு கைப்பையை மடியில் எடுத்து வைத்து, "வாங்க, இதுல இரிங்க" என்றாள்.

றிப்தாவைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். இருபது நிமிடத்தில் வெளியே வந்தவள், "பயப்பட ஒண்டுமில்ல. நல்ல மனுசங்க. நான் துஆ செய்றன்" என்று சொல்லிவிட்டு, பிள்ளையைக் கூட்டிவர நேரமாகிறதென்று ஓடினாள்.

உள்ளே பாடசாலை அதிபரம்மா பாலாம்பிகையின் விண்ணப்பத்தில் ஒரு வரியில் விரலை வைத்தார்.

"பழைய தமிழ்ச் சஞ்சிகைகள்ல நாலாயிரம் கட்டுரைக்கு அட்டவணை. நல்ல வேலையா இருக்கே. யார் செஞ்சது?"

யோசனை றிப்தாவுடையது. மூன்று வருடம் இருவரும் ஒரே மேசையில் இருந்து, ஒருத்தி வாசிக்க ஒருத்தி எழுதிச் செய்தது. ஆனால் அந்த நேரத்தில் பாலாம்பிகைக்கு றிப்தாவின் வீடு நிறைய மனிதர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

"நான்தாங்க மேடம்."

"தனியாவா?"

"ஆமாங்க."

அதிபரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இப்ப போனவங்க, ரெண்டு பேரும் சேந்து செஞ்சதாச் சொன்னாங்களே. உங்க உழைப்புத்தான் அதில கூடன்னும் சொன்னாங்க."

அதற்குப் பிறகு கேட்ட கேள்விகளுக்கு என்ன பதில் சொன்னாள் என்று பாலாம்பிகைக்கே தெரியாது.

வேலை றிப்தாவுக்குக் கிடைத்தது. "உங்களுக்குத்தான் கிடைக்கும்னு நெனச்சன், பாலாக்கா" என்று ஃபோனில் உண்மையாகவே வருந்தினாள். பாலாம்பிகை வாழ்த்திவிட்டு வைத்துவிட்டாள்.

அடுத்த மாதம் பல்லேகலயில் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் கோப்பு அறையில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஜன்னல் இல்லாத அறை. யாராவது தொலைபேசியில் இலக்கத்தைச் சொல்வார்கள். கோப்பை எடுத்து வாசல் மேசையில் வைத்தால் போதும். முகம் பார்க்க வேண்டியதில்லை. றிப்தா மட்டும் வெள்ளிதோறும் ஏதாவது ஒரு வேலையைப் பற்றிச் செய்தி அனுப்பினாள். ஒரு வெள்ளி வந்தது: "பாலாக்கா, மாத்தளையில ஒரு லைப்ரரி வேலை. வயசு பாக்கலயாம். போடுங்க." பதில் எழுத பாலாம்பிகைக்குக் கை வரவில்லை.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் தானே றிப்தாவுக்கு ஃபோன் எடுத்து, அதிபரம்மாவிடம் சொன்ன பொய்யைச் சொல்லிவிட்டாள். பாடசாலைப் பிள்ளைகளின் இரைச்சலுக்கு நடுவே றிப்தா கேட்டாள்.

"ஏன் அப்பிடிச் செல்லினீங்க?"

"எனக்கு யாரு இருக்கா, றிப்தா? வேலையாவது இருக்கட்டுமேன்னு நெனச்சிட்டேன்."

"நான் இருந்தேனே" என்றாள் றிப்தா. பிறகு, நூலகப் பாடத்துக்கு நேரமாகிறதென்று வைத்துவிட்டாள்.

அந்த வெள்ளி செய்தி வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை.

மாத்தளை விண்ணப்பத்துக்கு முடிவுத் திகதி நெருங்கியது. பாலாம்பிகை அதைப் பக்கம் பக்கமாக நிரப்பினாள். கடைசிப் பக்கத்தில், உறவினர் அல்லாத, அவளை நன்கு அறிந்த இருவரின் பெயர் கேட்டிருந்தது. தொழிற்சாலை மேலாளரின் பெயரை எழுதினாள். இரண்டாவது இடத்துக்கு எழுத இந்த ஊரில் வேறு ஒரு பெயர் அவளிடம் இல்லை. பேனையை வைத்துவிட்டு, "ஒன் பேரப் போடலாமா?" என்று றிப்தாவுக்குச் செய்தி அனுப்பினாள்.

மறுநாள் மாலைதான் பதில் வந்தது. "போடுங்க" என்று மட்டும் இருந்தது. பாலாம்பிகை அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, பெயரைத் தெளிவாக எழுதினாள்.