ஐந்நூறு கலோரி ஆய்வாளர்

எடையளவு ஆய்வாளர் கடைக்குள் கால் வைத்தாலே கடைக்காரர்கள் அவசர அவசரமாகத் தராசைத் துடைப்பார்கள். தராசில் ஐந்து கிராம் பிசகினாலும் மனிதர் விடமாட்டார். அந்த இடத்திலேயே சீல்தான்.

அப்பேர்ப்பட்டவர் ஜிம்மில் டிரெட்மில் சொன்னதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார். அரை மணி நேரம் நடந்தால் திரையில் ‘ஐந்நூறு கலோரி’ என்று ஒளிரும். அந்தத் தெம்பில் போகிற வழியில் பேக்கரியில் இரண்டு கிரீம் பன்னை உள்ளே தள்ளிவிட்டு, மீசையில் ஒட்டியதைக்கூடத் துடைக்காமல் வீடு போய்ச் சேருவார்.

ஒரே மாதத்தில் இரண்டு கிலோ கூடிவிட்டது. மனைவி ஒரு நாள் கூடவே ஜிம்முக்கு வந்து, மெஷின் பக்கத்தில் நின்றாள்.

“இருங்க, எடை நூத்திப்பத்துன்னு காட்டுதே! யாரோடது?”

“அது தினமும் ஏதோ கேக்கும். நான் ஓகே அமுக்கிட்டு நடந்துடுவேன்.”

பயிற்சியாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “உங்களுக்கு முன்னாடி ஒரு பயில்வான் நடப்பாரே, அவரோடது சார். அந்த எடைக்குத்தான் மெஷின் கலோரி கணக்குப் போடுது.”

ஆய்வாளர் தன்னுடைய அறுபத்தைந்தைப் போட்டுவிட்டு வேர்க்க விறுவிறுக்க நடந்தார். அரை மணி நேரத்தில் முந்நூறைக்கூடத் தொடவில்லை.

“இதுவும் குத்துமதிப்புதான் சார்,” என்றார் பயிற்சியாளர். “உங்க உடம்புக்குள்ள நடக்குறது மெஷினுக்கு எப்படித் தெரியும்?”

ஆய்வாளருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “முதல்ல இந்த மெஷினுக்கு சீல் வைக்கணும்!”

“மெஷின் என்னங்க பண்ணுச்சு?” என்றாள் மனைவி. “வைக்கிறதா இருந்தா அந்த மீசைக்குக் கீழ வைங்க.”