வால்வு கவரில் ஒரு சொட்டு

நெவில் டிராஸ்க்கின் 1971 வாரிகல் கார் பதினோரு வருடமாகக் கழிப்பறைக்குப் பக்கத்தில் நின்றுவந்தது. வருடத்துக்கு ஒரே ஒரு நாள்தான், அக்டோபர் கண்காட்சியன்று. ஆனால் நிற்கிறவருக்கு ஒரு நாளும் நெடுநாள்தான்.

சாலிஸ்பரி வாரிகல் சங்கத்தின் சட்டம் அப்படி. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கிய கார்கள் கிரிக்கெட் மைதானத்தின் புல்வெளியில், கயிறு கட்டிய இடத்தில் நிற்கும். மற்றவை, தற்காலிகக் கழிப்பறைகளின் ஓரம். நெவில் போன வருடம் வாங்கியது தொண்ணூற்று மூன்று. குறைந்த அந்த இரண்டு மதிப்பெண்ணும் போனது ஒரே இடத்தில். எஞ்சின் தலைமேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்குமே, அந்த வால்வு கவரில்.

"பெயின்ட் ரொம்ப நல்லா இருக்கு," என்று குற்றம் கண்டுபிடித்திருந்தார் தலைமை நடுவர் ராய்ஸ்டன் ஹேக்.

அவர் எழுதிய நாற்பத்தோரு பக்கக் கையேடு இதைத் தெளிவாகச் சொல்கிறது. கார் ஆலையில் அடித்த பெயின்ட் இவ்வளவு நேர்த்தியாக இருந்ததில்லை. கவரின் பின்மூலையில் எட்டு மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு சொட்டு வழிந்து காய்ந்திருக்கும். அது இல்லாத கவர் அசல் கவர் ஆகாது. கண்காட்சிகளில் ராய்ஸ்டன் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு அந்தச் சொட்டை அளவுகோல் வைத்து அளப்பார். அப்போது பக்கத்தில் நிற்கிறவர்கள் தொப்பியைக் கழற்றுவதும் உண்டு.

இந்த வருடம் நெவில் ஆகஸ்டிலேயே ஆரம்பித்துவிட்டார். கவரைக் கழற்றி, மண்ணெண்ணெயில் பிசுக்கு எடுத்து, பழைய பெயின்ட்டைக் கம்பி பிரஷால் உரித்து, எண்ணெய் ஊற்றும் துளைக்குக் காகித டேப் ஒட்டி, ப்ரைமர் அடித்து, வெப்பம் தாங்கும் சிவப்பு எனாமலை மூன்று பூச்சாகப் பூசினார். பிறகு சமையலறை அவனில் ஒரு மணி நேரம் சுட்டார். வெளியே வந்த கவரில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம். சொட்டு மட்டும் இல்லை.

உரித்தார். மறுபடி பூசினார். கண்ணுக்கு மருந்து விடும் குழாயால் பின்மூலையில் ஒரு துளி வைத்தார். அது துளியாகவே உட்கார்ந்து, மூக்கின் மேல் பரு மாதிரி காய்ந்தது. பல்குத்தும் குச்சியால் இழுத்துப் பார்த்தார். வால் முளைத்த பருவாயிற்று.

உதிரியாக வாங்கிவந்த நான்காவது கவர் அவனில் இருந்தபோது பக்கத்து வீட்டுக் கலியோப்பி வேலிக்கு மேல் எலுமிச்சம்பழப் பையை நீட்டினார். வயது எழுபத்து நான்கு.

"கோரல், உங்க வீட்ல என்ன, செருப்ப வதக்குறீங்களா?"

"மத்தியானச் சாப்பாடு," என்றார் நெவிலின் மனைவி கோரல். "ஆட்டுத்தொடை, எனாமல் தடவினது. மூணு வாரமா எங்க வீட்ல எல்லாமே அந்த ருசிதான். கேக்கு கூட."

நெவில் வெளியே வந்து விளக்கினார். அந்தக் காரைப் பற்றிக் கலியோப்பிக்கு அவர் விளக்குவது இது பதினைந்தாவது முறை. கலியோப்பி பொறுமையாகக் கேட்டுவிட்டு, மேசைமேல் காயவைத்திருந்த பழைய கவர் ஒன்றைப் பார்த்தார்.

"படுக்கவச்சா அடிக்கிற?"

"பின்ன?"

"படுத்திருக்கறது எப்படிப்பா வழியும்? நாங்க கொக்கியில தொங்கவிட்டில்ல அடிப்போம்."

"நாங்கன்னா?"

"வாரிகல் ஆலையில, பெயின்ட் பிரிவுல பதினோரு வருஷம் நின்னேன். உன் காரு வந்த வருஷமும் நான்தான்."

பத்தொன்பது வருடம் அடுத்தடுத்த வீடு. கலியோப்பி என்ன வேலை பார்த்தார் என்று நெவில் ஒரு நாளும் கேட்டதில்லை. விளக்கவே நேரம் போதவில்லை.

"ஒரு கவருக்கு எவ்வளவு நேரம் எடுத்துப்பீங்க?" என்றார், கோவிலில் நிற்கிற குரலில்.

"இருபது செகண்டு. ஃபோர்மன் பாத்தா பதினஞ்சு."

துணி உலர்த்தும் கம்பியில் இரும்புக் கம்பியை வளைத்து மாட்டினார் கலியோப்பி. எண்ணெய்த் துளை வழியாகக் கவரைத் தொங்கவிட்டு, ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கி, கோரலிடம் பேரன் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இரண்டு வீச்சு வீசினார். கீழ்மூலையில் ஒரு சொட்டு திரண்டு, யோசித்து, வழிந்து நின்றது. நெவிலுக்குக் கண் கலங்கியது. எனாமல் புகை என்று சொல்லிக்கொண்டார்.

கண்காட்சிக்குக் கலியோப்பியும் வந்தார், கையில் பாலாடைக்கட்டி போளித் தட்டோடு.

ராய்ஸ்டன் கையுறையை மாட்டிக்கொண்டு குனிந்தார். அளந்தார். நிமிர்ந்தார்.

"எட்டு மில்லிமீட்டர். அருமை," என்றார். "ஆனா முன்மூலையில இருக்கு. கையேடு பின்மூலைன்னு சொல்லுது. ஒரு மார்க் போகுது. தொண்ணூத்து நாலு."

நெவில் வாய் திறந்தார். முந்திக்கொண்டது கோரல்தான்.

"ஐயா, இத அடிச்சவங்களே இவங்கதான். ஆலையில பதினோரு வருஷம்."

ராய்ஸ்டன் கலியோப்பியைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். "ரொம்ப சந்தோஷம்மா. ஆனா அதுக்கு ஆவணம் ஏதாவது இருக்கா?"

"தோள்பட்ட வலி இருக்கு."

"எழுத்துல இருக்கணும்மா. இருபது வருஷ ஆராய்ச்சியில எழுதின கையேடு இது."

"எந்த மூலைன்னு யாரு பாத்தா? எந்த ஓட்டை கையில ஆம்புட்டுச்சோ அதுல மாட்டுவோம். அது சரி, பின்மூலைன்னு எத வச்சு எழுதினீங்க?"

ராய்ஸ்டன் பெருமையோடு புல்வெளியின் நடு இடத்தைக் காட்டினார். அவருடைய சொந்த வாரிகல் அங்கே நின்றது. பெயின்ட் மாறாத அசல் எஞ்சின், கையேட்டின் அட்டைப்படமே அதுதான். கலியோப்பி போளித் தட்டைக் கோரலிடம் கொடுத்துவிட்டுக் கயிற்றைத் தூக்கி உள்ளே நுழைந்தார். நெவிலும் பின்னாலேயே போனார். மூவரும் ஒரே எஞ்சினுக்கு மேல் குனிந்தார்கள்.

"சொட்டு அழகாத்தான் இருக்கு," என்றார் கலியோப்பி. "ஆனா இது வழிஞ்சதில்லையே. வழிஞ்சா மேல தடம் இருக்கும். இது தனியா உக்காந்திருக்கு."

நெவில் இன்னும் குனிந்து பார்த்தார். மூக்கின் மேல் பரு. மெல்லிய வால்.

"ராய்ஸ்டன்," என்றார் தாழ்ந்த குரலில். மூன்று வாரம் அதே வேலையைச் செய்தவரின் அனுதாபம் அந்தக் குரலில் இருந்தது. "கண்ணு மருந்துக் குழாயா?"

ராய்ஸ்டன் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சரிசெய்தார். சுற்றிலும் பார்த்தார். செயலாளர் தூரத்தில் சாஸேஜ் வரிசையில் நின்றார்.

"காது மருந்து," என்றார்.

பிறகு கையிலிருந்த மதிப்பெண் தாளைப் பார்த்தார்.

"நான் எவ்வளவு சொன்னேன்?"

"தொண்ணூத்து நாலு."

"கூட்டல் பிழை," என்று ராய்ஸ்டன் தாளில் தொண்ணூற்றைந்தாகத் திருத்தினார். கையேட்டின் அடுத்த பதிப்பில் முன்மூலையும் ஏற்கத்தக்கது என்ற குறிப்பு சேரும் என்று அறிவித்தார். சங்கத்துக்கே சொல்வது போல் உரத்த குரலில் அறிவித்தார். பிறகு குரலை இறக்கி, திங்கட்கிழமை தன் கவரோடு வந்தால் வீட்டில் இருப்பீர்களா என்று கலியோப்பியைக் கேட்டார்.

"துணி காயப்போட்டிருப்பேன். செவ்வாய் வாங்க."

பதினோரு மணிக்கு நெவிலின் வாரிகல் புல்வெளிக்குள் நுழைந்தது. அவர் பானெட்டைத் திறந்து வைத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நின்றார். முதலில் வந்தவர் கையில் ஐஸ்கிரீமோடு ஒரு வெளியூர்க்காரர். எஞ்சினை எட்டிப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"அண்ணே, இவ்வளவு அழகா வச்சிருக்கீங்க, இந்த மூலையில பெயின்ட் வழிஞ்சிருக்கே. பாக்கலையா?"

நெவில் தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்க ஆரம்பித்தார். ஐஸ்கிரீம் உருகிக் கை வழியே வழிந்தும் அந்த மனிதரால் நகர முடியவில்லை.