பூச்சாற்றுச் சுவர்

“சன்னலைத் திறக்கப் போறீங்களா, இல்ல நானே உடைக்கட்டுமா மாமா?”

“தொட்டுப் பாரு! உங்கக்கா போயிடுவா.”

“அக்கா போயி ஆறு மாசமாச்சு. இருக்கற புள்ளைக்குக் கால் வளையுது. வெயில்ல வைங்கன்னு டாக்டர் தலைப்பாடா அடிச்சுக்கறாரு. இந்த வீட்டுல வெயில் வர்றது இந்த ஒத்த சன்னல்லதான்!”

சாயக்காரருக்கும் கொழுந்தியாளுக்கும் நடக்கும் சண்டை எங்கள் அடுப்படிவரை கேட்கும். கேட்காவிட்டால் நான் மாடிப்படிக்குப் போய்விடுவேன், அது வேறு விஷயம்.

அவர் மனைவி உயிரோடிருந்த காலம். ஆளைப் படம்பிடிக்கும் பெட்டி அப்போதுதான் ஊருக்குள் வந்திருந்தது. பெட்டி எதற்கு, பூச்சாறு போதும் என்று கிளம்பினார் இவர். எந்தச் சாயம் வெயிலில் வெளுக்கும் என்பதை வாடிக்கைக்காரர்கள் திட்டித் திட்டியே கற்றுக்கொடுத்திருந்தார்கள். சன்னலுக்கு எதிர்ச் சுவரில் சிவப்புப் பூவின் சாற்றைப் பூசினார். சுவரோரம் நாற்காலி போட்டு, நோயாளி மனைவியை உட்காரவைத்தார். எதிர்வீடு மறைப்பதால் காலையில் ஒரு மணி நேரம்தான் வெயில். நாற்பது நாளில் சுவர் வெளுத்தது. அவள் நிழல் விழுந்த இடம் மட்டும், கொண்டை உட்பட, சிவப்பாகவே நின்றது. நாற்பத்தோராம் நாள் அவள் இல்லை. நிழலை நிலைக்கவைக்கும் வித்தை அவருக்குப் பிடிபடவில்லை. வெயில் பட்டால் அதுவும் வெளுத்துவிடும் என்று சன்னலில் சாக்கை அடித்துவிட்டார்.

சண்டைக்கு மறுநாள் சாக்கு இறங்கியிருந்தது. உறைமோர் கேட்கும் சாக்கில் எட்டிப் பார்த்தேன். மனைவி உட்கார்ந்த அதே இடத்தில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

“அசையாதடி, அம்மா மேல வெயில் படுது.”

குழந்தையோ அவர் தோளுக்கு மேலாகச் சுவரைப் பார்த்து, தூக்கச் சொல்லிக் கை நீட்டிச் சிரித்தது. எனக்கு மோர் மறந்துபோயிற்று.

அவள் பூசினாற்போல உடம்பு, இவர் ஈர்க்குச்சி. அவர் மறைக்க முடியாத இடமெல்லாம் நாளுக்கு நாள் கரைந்தது. மூன்று மாதத்தில் குழந்தை நடந்தது. முதல் நடை அப்பாவிடம் இல்லை, சுவருக்கு. அங்கே அதற்குள் மிஞ்சியிருந்தது அவருடைய மெலிந்த உருவம்தான். ஆனால் தலைக்கு மேல் கொண்டை அப்படியே இருந்தது. வழுக்கை மனிதருக்கு ஏது கொண்டை? முதலில் வெளுத்திருக்க வேண்டியதே அதுதான்.

கொழுந்தியாளை அவருக்கே கட்டிவைக்கலாம் என்று தெருவே பேசியது. ஆரம்பித்தது நான்தான். “அந்தச் சுவத்துக்கு எதுக்க என்னால குடும்பம் நடத்த முடியாது” என்று அவள் டாக்டரின் கம்பவுண்டரைக் கட்டிக்கொண்டாள். தன்னை விட்டுப் பிரியாத குழந்தையையும் கூட்டிக்கொண்டு வெளியூர் போனாள். சாயக்காரர் நாலு நாள் சுவரோடு தனியாக இருந்து பார்த்தார். ஐந்தாம் நாள் சுவரை விட்டுவிட்டு, அவரும் குழந்தை இருந்த ஊருக்கே குடிபோய்விட்டார்.