கலர் டிரஸ்

வருடம் முழுவதும் எங்களுக்குச் சாம்பல் நிறப் பேண்ட், நீலச் சட்டை, தலையில் தொப்பி. ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனி. ஆயுத பூசை அன்று மட்டும் கலர் டிரஸ் போட்டுக்கொள்ளலாம். அந்த ஒரு நாளுக்காகவே ஆசை ஆசையாய்க் கறுப்பு ஜீன்ஸும் பூப்போட்ட சட்டையும் எடுத்து, பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தேன்.

அதற்குள் லைன் லீடர் காஞ்சனா அக்கா வாட்ஸ்அப்பில் உத்தரவு போட்டுவிட்டாள். லைனில் இருக்கிற பெண்கள் எல்லோரும் கிளிப்பச்சைச் சேலை, அதே பச்சையில் ஜாக்கெட், தலையில் மல்லிகை. அத்தனை பேரும் கட்டைவிரலைத் தூக்கிச் சம்மதித்தார்கள். யூனிபார்மைத் திட்டாத நாளில்லை; ஒரு நாள் கழற்றிக்கொள் என்றால் இன்னொரு யூனிபார்மைத் தேடுகிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா, நான் ஜீன்ஸ் போட்டுக்கினு வரேன்" என்றேன் கேன்டீனில்.

"இன்னாடி யுவஸ்ரீ, பூஜையில பேண்ட்டா? நல்லாவா கீது?"

"தினம் பேண்ட்தானேக்கா போட்டுக்கினு கீறோம்?"

"அது கம்பெனி குடுத்தது!"

கம்பெனி கொடுத்தால் பேண்ட். நானே வாங்கினால் மானக்கேடு.

வீட்டில் மாமியார் சரோஜாவிடம் பயந்துகொண்டே சொன்னேன். அவர் சீரியலிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னாத்தயோ போட்டுக்கினு போ. டிபன் பாக்ஸ மட்டும் அங்கியே வுட்டுட்டு வராத" என்றார். மாமியாரே விட்டுவிட்டார், கூட வேலை செய்கிறவள் விடமாட்டேன் என்கிறாள்!

பூசையன்று மண்ணூரில் கம்பெனி பஸ் ஏறினேன். உள்ளே ஒரே பச்சை. ஒருத்தியும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. நின்றுகொண்டே போனேன், அழுகையாக வந்தது. ஆனாலும் ஜன்னல் கண்ணாடியில் பார்த்தபோது, நானே சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தேன்.

பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்து முடித்ததும் குரூப் போட்டோ. காஞ்சனா அக்கா என்னைக் கடைசியில், மிஷினுக்குப் பக்கத்தில் ஒதுக்கினாள். அந்தப் போட்டோவை வீட்டில் பெருமையாகக் காட்டியிருக்கிறாள். அவள் புருஷன் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதோ நீ" என்று அதே பச்சையில் நின்ற எங்கள் லைன் சசிகலாவைக் காட்டினாராம். அதுமட்டுமில்லை, "ஓரமா நிக்குதே, அது யாரு?" என்று என்னைக் காட்டி வேறு கேட்டுவிட்டாராம்.

லீவு முடிந்து வந்த அன்று இந்தக் கதை பரவி, லைனே விழுந்து விழுந்து சிரித்தது. காஞ்சனா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் கூட்டி வைத்துக்கொண்டு அறிவித்தாள்.

"அடுத்த வருஷம் எல்லாரும் கறுப்பு ஜீன்ஸ், பூப்போட்ட சட்டை. ஒரே மாதிரி. யுவஸ்ரீ, நீதாண்டி கடை காட்டணும்."

ஆளுக்கு ஆள் என்னைக் கட்டிக்கொண்டார்கள். பஸ்ஸில் இடம் கொடுக்காதவள்தான் முதலில் வந்து கட்டிக்கொண்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தது.

"கடை காட்டுறேன்க்கா" என்றேன். "ஆனா நான் சேலை கட்டிக்கினு வருவேன்."