தீனெகே வீட்டுக் காட்சிப் பொருள்

டெல்ஃப்ட் நகரில் அருங்காட்சியகத்தை ஒட்டினாற்போல் இருந்தது தீனெகேயின் வீடு. அந்தக் கால்வாய்த் தெருவில் யாரும் சன்னல் திரையை மூடுவதில்லை; மூடினால், உள்ளே என்ன திருட்டுத்தனம் என்று ஊர் பேசும். அன்று வாசற்படியைக் கழுவிவிட்டுக் கதவையும் திறந்தே போட்டிருந்தாள். நுழைவுச்சீட்டும் கையுமாக ஒரு தம்பதி நேரே கூடத்துக்குள் வந்து நின்றார்கள்.

பஞ்சு பிதுங்கிய நாற்காலியில் வாய் பிளந்து உறங்கிக்கொண்டிருந்தார் அவள் கணவர் யோரிஸ். அந்த நாற்காலியைத் தூக்கி வீசச் சொல்லி அன்று காலையில்தான் தீனெகே பெரிய சண்டை போட்டிருந்தாள்.

"மெழுகு பொம்மைய எவ்வளவு தத்ரூபமா செஞ்சிருக்காங்க பாருங்க!" என்று வந்தவள் யோரிஸின் மீசையைத் தொடப் போனாள்.

அடுப்படியிலிருந்து தீனெகே பாய்ந்து வந்தாள். "கைய எடும்மா! அவர் என் வீட்டுக்காரர். மியூசியம் அடுத்த கதவு."

வந்தவளுக்கு முகம் சிவந்துபோனது. "மன்னிச்சுக்கங்கம்மா. நாற்காலியப் பாத்து ஏமாந்துட்டோம்."

"ஏமாறத்தான் செய்வீங்க. ரெண்டும் ஒரே காலத்துச் சரக்கு. பிரிக்க முடியாது."

அவர்கள் போனதும் யோரிஸ் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "அப்ப நாற்காலிய வீசப் போறதில்லையா?"

பிதுங்கிய பஞ்சை உள்ளே திணித்துக்கொண்டே தீனெகே அதட்டினாள்: "காட்சிப் பொருள் பேசக்கூடாது. தூங்குங்க."